இதரப் பொருட்கள்

கொசு ஒழிப்பு முடிந்தால் பிளாஸ்டிக் ஒழிப்பு, அது முடிந்தால் மேல்நிலைத் தொட்டியைக் கழுவுவது, பிறகு தெருவிளக்கு, எல்லாவற்றையும் வாசித்த பிறகு கடைசியில் இதரப் பொருட்கள் என்று ஒன்று வரும், அப்போது நீ எழுந்திரிக்கணும் என்று எப்சிபாவிடம் அவளுடைய கீழத்தெருத் தோழி முத்துப்பேச்சி சொல்லியிருந்தாள். காந்தி ஜெயந்தி அன்று நடக்கிற கிராம சபைக் கூட்டம். பள்ளிக்கூட மைதானத்துப் பந்தலில் எப்சிபா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தால் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டோமோ என்று பயம். பஞ்சாயத்து கிளார்க் ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு "சரிதானே?" என்று கேட்பதும், முன்னால் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்த நூறு நாள் வேலைப் பெண்கள் தங்கள் பேச்சை நிறுத்தாமலே "சரி, சரி" என்பதுமாகக் கொசு ஒழிந்துகொண்டிருந்தது. அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். கோயிலில் அசனச் சோறு பொங்குகிற கொட்டகையின் சிமெண்டுத் தளம் ஓடையை அடைத்துக் கிடக்கிறது, மழைக்கு முன்னால் அதை உடைத்து ஓடையைத் திறந்துவிட வேண்டும். காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொன்னபோது வந்துவிட்டது. இங்கே முதல் சொல்லிலேயே நாக்கு நின்றுகொள்கிறது. இந்தச் சாலேம்விளை ஊரில் சர்ச் என்று யாரும் சொல்வதில்லை, கோயில்தான். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில், பாட்டுப் படித்த கோயில், பாளையங்கோட்டையில் கல்லூரிக்குப் போகும்போது ஊரே முழங்கால் போட்டு அவளுக்காக ஜெபித்த கோயில். அதன் பெயரைச் சொல்லி ஊர்க்கூட்டத்தில் புகார் சொல்லப்போகிறவள் யார் என்றால், அந்தத் தளம் போட்ட அன்று முதல் வரிசையில் நின்று நன்றிப் பாட்டுப் பாடியவள்.

பாடினாளே, நன்றாகத்தான் பாடினாள். அசனம் என்றால் சும்மாவா, தை மாதத்தில் கோயிலில் ஊருக்கே சோறு, எந்தத் தெரு என்ன சாமி என்று கேட்காமல் பந்தியில் உட்கார வைத்து ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றுவார்கள். அந்தச் சோற்றைப் பொங்கப் பெண்கள் செம்மண் சகதியில் கால் புதைய நிற்பார்கள், அவளுடைய அம்மா ஜெபக்கனி ஒருமுறை கொதிக்கிற அண்டாவுக்குப் பக்கத்திலேயே வழுக்கி விழப் பார்த்தாள். அதனால் கொட்டகைக்குத் தளம் போட்டபோது எல்லோருக்கும் சந்தோஷம். கீழே ஓடுவது வெறும் காய்ந்த பள்ளம், ஆடு மேய்கிற இடம், வருஷத்தில் பத்து நாள் தண்ணீர் வந்தால் அதிகம். அந்தப் பத்து நாளும் போன ஐப்பசியில் ஒரே ராத்திரியாக வந்துவிட்டது போல மழை. தண்ணீர் தளத்தில் முட்டி, வழி தெரியாமல் திரும்பி, கீழத்தெருவுக்குள் போனது. விடியற்காலையில் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன் செல்வதாசன், கோயில் கமிட்டிச் செயலர், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி முத்துப்பேச்சியின் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். கீழத்தெரு முழுவதும் கோயில் பள்ளிக்கூடத்தில் தங்கியது. எப்சிபா உப்புமா கிண்டினாள். போர்வை கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குப் பால்பவுடர் கொடுத்தார்கள், சாயங்காலம் எல்லோரும் கூடி மழை நிற்க வேண்டும் என்று ஜெபித்தார்கள், அவளும் ஜெபித்தாள், அழுதுகூட ஜெபித்தாள். மறுநாள் வெயில் வந்ததும் ஜெபம் கேட்கப்பட்டது என்று மாமா கண்கலங்கினார். அன்றைக்கு மத்தியானம் உப்புமாச் சட்டியைக் கழுவக் கொட்டகைப் பக்கம் போனவள்தான் பார்த்தாள், தளத்துக்கு மேற்கே தண்ணீர் குளம் மாதிரி நின்றது, கிழக்கே ஓடை காய்ந்து கிடந்தது, நடுவில் தளம், தளத்தின் மேல் ஒரு கோழி நின்று இறகை உலர்த்திக்கொண்டிருந்தது.

அந்தக் கோழிதான் இன்றுவரைக்கும் மனசில் நிற்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் படம் காட்டிச் சொல்வார்கள், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு எண்ணெய் ஊற்றிக் காயம் கட்டி, தன் கழுதையில் ஏற்றி சத்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த அந்நியனின் கதை, அவளும் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு அதே படத்தைக் காட்டுகிறாள். அடித்தவனே திரும்பி வந்து எண்ணெய் ஊற்றினால் அதற்கு என்ன பெயர் வைப்பது, பிள்ளைகளில் ஏதாவது ஒன்று கையைத் தூக்கிக் கேட்டால் என்ன சொல்வது. கேட்கவில்லை, பிள்ளைகள் கழுதையைப் பற்றித்தான் கேட்டார்கள். ஆனால் கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. அவளோ எதற்கும் ஜெபம் பண்ணிப் பார்க்கிறவள். பண்ணினாள். பதில் வருகிறபோதெல்லாம் அது தன்னுடைய குரலிலேயே வருகிறது, அதனால் அது மேலேயிருந்து வந்ததா, தன் வீம்பா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. படித்த திமிர் என்று சொல்வார்கள். சொல்லட்டும் என்று விட முடிகிறதா என்ன, அவளுடைய வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள், அந்த முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக வெயிலில் தாலுகா அலுவலக வாசலில் நாள் முழுக்க நின்றவர் யார், இதே பெரிய மாமா. அப்பா ஹைதராபாத்தில் கடை வேலையில் இருக்க, பேருந்து நிறுத்தத்தில் அவளுடைய பெட்டியைச் சுமந்து நின்றவர் இதே பெரிய மாமா. அவர் இப்போது பந்தலின் வலது பக்கம் மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார், பின்கழுத்தில் பவுடர் தெரிகிறது, அந்தப் பவுடரைப் பார்த்தால் அவளுக்கு இரக்கமாக வருகிறது, அப்புறம் எப்படிப் பேசுவது.

பிளாஸ்டிக் வந்துவிட்டது. "சரிதானே?" "சரி, சரி." நேற்றுச் சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்து முற்றத்துக் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டே, "ஏட்டி எப்சி, நீ நாளைக்கு என்னமோ பேசப் போறியாமே" என்றார்.  "ஓடை விஷயம் மாமா." "தெரியும். நம்ம கோயில் விஷயத்த நம்ம கமிட்டியில பேசிக்கிடலாம்லா. ஊர்க்கூட்டத்துல கொண்டுபோய் வச்சா நாலு பேரு நாலு விதமா பேசுவான்." "கமிட்டியில எப்ப மாமா பேசுவீங்க?" "அசனம் முடியட்டும்." "அசனம் தையிலலா மாமா வருது. மழை ஐப்பசியிலயே வந்துருமே." மாமா காப்பியை முழுக்கக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நாம பரலோகத்துக்குப் போக வேண்டியவங்க. பஞ்சாயத்தெல்லாம் நமக்கு வழியில வர்ற சத்திரம் மாதிரி" என்றார். "சத்திரத்துல தண்ணி அடைச்சா வாய்க்கால வெட்டிவிட வேண்டாமா மாமா?" என்று அவள் கேட்டது அவளுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது. மாமா அம்மாவைப் பார்த்தார். "கேட்டியா உன் மவ பேச்ச?" அம்மா முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள், அண்ணனுக்கு எதிராக ஒரு வார்த்தை அம்மா வாயில் இதுவரைக்கும் வந்ததில்லை. அவர் போன பிறகும் கீரையைத்தான் ஆய்ந்தாள். பேசு என்றோ பேசாதே என்றோ ஒரு சத்தம் இல்லை.

பந்தலில் பக்கத்து நாற்காலியிலிருந்து முத்துப்பேச்சி இடுப்பில் குத்தினாள். "ஏளா, உன் கை ஏன் ஐஸ் மாதிரி இருக்கு? பரீட்சை எழுதப் போறவ மாதிரி." "எனக்குப் பயமா இருக்கு பேச்சி. நீயே கேட்டா என்ன?" "நான் கேட்டா என்ன ஆகும்னு தலைவரம்மாதான் சொல்லிட்டாவளே." சொல்லியிருந்தார்கள். பஞ்சாயத்துத் தலைவர் இசக்கியம்மாள் பக்கத்துக் குக்கிராமத்துக்காரி, கீழத்தெருப் பெண்கள் போய் நின்றபோது கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, "நான் தானாப் போய் கோயில்ல கை வச்சேன்னா, வேத்துச் சாமிக்காரி வந்து இடிக்கான்னு ஊரு ரெண்டாப் போயிரும். கோயில் ஆளு ஒருத்தர் எந்திரிச்சுக் கேக்கட்டும், அன்னைக்கே தீர்மானம் போடுதேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கோயில் ஆள் ஒருத்தர். முத்துப்பேச்சிக்குத் தெரிந்த கோயில் ஆள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்த எப்சிபாதான். "நேத்து எங்க அம்மன் கோயில்ல ஒரு தேங்காய் நேந்திருக்கேன்" என்றாள் பேச்சி குனிந்து. "உங்க ஆளுகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வை. ரெண்டு பேரும் சேந்து பாத்துக்கிடட்டும்." எப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு தொட்டியைக் கழுவுகிற தீர்மானமும் நிறைவேறியது. தெருவிளக்கில் கொஞ்சம் சண்டை வரும் என்று நம்பியிருந்தாள், யாராவது கத்தினால் நேரம் போகும், நேரம் போனால் கூட்டம் கலையும். விளக்கு எரிகிறது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பாவிகள், எப்போதும் எரியாத விளக்கு. "இதரப் பொருட்கள்" என்றார் கிளார்க். "யாருக்கும் ஒண்ணும் இல்லைல்லா?"

எழுந்துவிட்டாள். எழுந்தது யார் என்று ஒரு கணம் அவளுக்கே தெரியவில்லை, முழங்கால் தானாக நிமிர்ந்திருக்கிறது. யாரோ மைக்கைக் கையில் திணித்தார்கள், கனமாக, கிளார்க்கின் வியர்வையோடு. தலைகள் திரும்பின. தெரிந்த தலைகள், இது இன்னும் மோசம், கல்லூரியில் செமினார் எடுத்தபோது இருந்ததாவது தெரியாத தலைகள். "தலைவர் அவர்களுக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்" என்றாள், அது மைக்கில் வேறு யாரோ சொன்ன மாதிரி வந்தது.  மூன்றாம் வரிசையில் பவுடர் பூசிய கழுத்து திரும்பி மாமாவின் முகமாகிவிட்டது. அவரைப் பார்த்துக்கொண்டு பேச முடியாது. கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் ஆச்சரியமாக இருந்தது, உள்ளே இடம் இருந்தது, மூச்சு வந்தது, குரல் எங்கிருந்தோ தானாகக் கிளம்பி, பழகின பாதையில் மாடு போகிற மாதிரி போகத் தொடங்கியது. இந்த நாளுக்காக நன்றி சொல்கிறோம் என்றது. எங்களை இந்த ஊரில் ஒன்றாகக் குடிவைத்ததற்காக நன்றி சொல்கிறோம் என்றது. நல்லா வருதே, எவ்வளவு லேசாக வருகிறது, ஏன் இத்தனை நாள் பயந்தோம் என்று அவள் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். கீழத்தெருப் பிள்ளைகளை நினைக்கிறோம், போன மழையில் நனைந்த பாய்களை, மிதந்துபோன பாத்திரங்களை, கட்டிலில் ஏறி நின்ற வயசானவர்களை நினைக்கிறோம். ஓடை மேல் தளம் போட்டோம், அறியாமல் போட்டோம். அறிந்த பிறகும் எடுக்காமல் இருக்கிறோம், அது எங்கள் தப்பு, அதை மன்னிக்க வேண்டும். மழைக்கு முன்னால் அதை உடைக்க எங்களுக்கு நல்ல மனசைத் தர வேண்டும், ஓடையைத் திறந்துவிட வேண்டும், அந்தத் தெருப் பிள்ளைகள் இந்த வருஷம் காய்ந்த தரையில் தூங்க வேண்டும். "இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே" என்று முடித்தாள். "ஆமென்" என்றது பந்தல்.

ஒரே குரலாக, அடிவயிற்றிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை வருவதை விடவும் நன்றாக வந்தது. முதலில் கேட்டது தார்ப்பாயில் இருந்த அம்மாவின் குரல், அது அவளுக்குக் கூட்டத்தில் தனியாகத் தெரியும். எப்சிபா கண்ணைத் திறந்தாள். தார்ப்பாயில் இருந்த பெண்கள் பாதிப் பேர் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக் குனிந்திருந்தார்கள். டீக்கடைக்காரர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்திருந்தார். மூன்றாம் வரிசையில் பெரிய மாமா கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, இன்னும் திறக்காமல் நின்றார், உட்கார்ந்திருந்த மனிதர் எப்போது எழுந்தார் என்றே தெரியவில்லை. முன்னால் கிளார்க் பேனாவைப் பிடித்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ. என்ன செய்துவிட்டோம். இது எல்லோருக்குமான கூட்டம், இங்கே இசக்கியம்மாள் இருக்கிறார், பேச்சி இருக்கிறாள், ஜெபம் கேட்க வராத ஆட்கள் பாதிப் பந்தல் இருக்கிறார்கள், அவர்கள் நடுவில் நின்று ஆராதனை நடத்திவிட்டோம்.  பின்வரிசையிலிருந்து சுடலைக்கண்ணுவின் குரல் வந்தது, டிராக்டர் ஓட்டுகிறவர், கீழத்தெருதான். "ஏ பிள்ள, எங்களையும் சேத்து ஞானஸ்நானம் குடுத்துட்டியா?" பந்தல் வெடித்துச் சிரித்தது. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றாள் மைக்கில், "மன்னிச்சிருங்க எல்லாரும். எனக்கு வேற மாதிரி பேசத் தெரியாது. பயத்துல வந்துட்டு." "தண்ணிக்குத்தானளா கேட்ட?" என்றார் இசக்கியம்மாள். "தண்ணிக்குக் கேட்டதுல என்ன தப்பு இருக்கு. எல்லாரும்தான் ஆமென் சொல்லிட்டீங்களே. கிளார்க்கு, எழுதும். ஒருமனதா நிறைவேறிட்டுன்னு எழுதும்."

முடிந்துவிட்டது. இவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், ஓடை திறந்துவிடும். பேச்சி கீழே இருந்து அவளுடைய துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறாள், உட்காருளா, உட்காரு. அவளோ நிற்கிறாள். மனசு அந்த ஆமெனில்தான் போய்ச் சிக்குகிறது. அவர்கள் சொன்னது தளத்தை உடைப்பதுக்கா, ஜெபம் முடிந்ததுக்கா. மாமா கண்ணைத் திறந்துவிட்டார், முகம் வெளுத்திருக்கிறது, கண்ணி வைத்துப் பிடித்த மாதிரி பார்க்கிறார், கண்ணி வைத்தவள் அவள்தான் என்று நினைக்கிறார், நினைக்காமல் இருப்பாரா. சாமியிடம் கேட்டதற்குச் சொன்ன ஆமெனைப் பிடுங்கி ஓட்டாக எழுதிக்கொண்டால், இனி ஞாயிற்றுக்கிழமை யார் நம்பிக் கண்ணை மூடுவார்கள். அதே போல நாளைக்கு யாராவது ஒரு ஜெபத்தைச் சொல்லியே கீழத்தெருவுக்கு எதிராக எழுதிக்கொண்டால் என்ன செய்வது. "தலைவரம்மா" என்றாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டுதான் பேசினாள். "அது ஜெபம். அத ஓட்டாக் கணக்கு வைக்கக் கூடாது. கை தூக்கச் சொல்லுங்க. வேண்டாம்னு நினைக்கவங்க தூக்காண்டாம்." "நாசமாப் போச்சு" என்றாள் பேச்சி, பக்கத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி. இசக்கியம்மாள் கண்ணாடியைக் கீழே இறக்கி அவளை ஒருதரம் நன்றாகப் பார்த்தார். "சரி. தளத்த உடைச்சு ஓடைய வெட்டிவிடணும்னு சொல்லுதவங்க கையத் தூக்குங்க."

கீழத்தெருக் கைகள் உடனே எழுந்தன. மற்றக் கைகள் மடியில் கிடந்தன. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பார்த்துவிட்டு எல்லோரும் செல்வதாசனைப் பார்த்தார்கள். கை தூக்கச் சொல்லியிருக்கக் கூடாது, தோற்றாயிற்று, யோக்கியத்தைக் காட்டிப் பேச்சியின் வீட்டை மறுபடியும் தண்ணீரில் விட்டாயிற்று. அப்போது தார்ப்பாயின் நடுவிலிருந்து ஒரு கை எழுந்தது, கீரைக் கறை போகாத விரல்கள். அம்மா அண்ணனைப் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை, நேரே கிளார்க்கைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கி வைத்திருந்தாள், எண்ணும் ஓய், எவ்வளவு நேரம் தூக்கிக்கொண்டிருப்பது என்பது போல. "ஜெபக்கனி, நீயுமா?" என்றார் மாமா. "அண்ணே, நான் ஆமென் சொன்னது மனசாரத்தான் சொன்னேன். நீங்க எதுக்குச் சொன்னிய?" என்றாள் அம்மா. மாமா தரையைப் பார்த்தார். அவர் முகத்தில் என்னென்னவோ போய் வந்தன, கடைசியில் வந்து நின்றதைப் பார்த்தால் அது சிரிப்பு, ஒப்புக்கொள்கிற மனிதனுக்கு வருகிற அசட்டுச் சிரிப்பு. "நானும் மனசாரத்தான் சொன்னேன் போல" என்று சொல்லி வலது கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு யாரையும் எண்ண முடியவில்லை, பந்தல் முழுக்கக் கை, ஓட்டு வயசு ஆகாத பிள்ளைகளும் தூக்கிவிட்டார்கள், கிளார்க் "சின்னப் பசங்க இறக்குங்கலே" என்று கத்தினார்.

"உடைக்கிறது உடைப்போம்" என்றார் மாமா, கமிட்டிச் செயலரின் குரல் திரும்பிவிட்டது, "அசனத்த எங்க பொங்குறது? அத யாராவது யோசிச்சியளா?" அது நியாயமான கேள்விதான் என்று எப்சிபா மறுபடியும் பயப்படத் தொடங்குவதற்குள் பேச்சி நாற்காலியில் ஏறி நின்றுவிட்டாள். "எங்க தெருவுல வந்து பொங்குங்க! ஓடையத் திறந்துட்டா எங்க தெரு காஞ்சுலா கிடக்கும், களம் மாதிரி!" "கீழத்தெருவுலயா?" என்றார் மாமா. "ஏன், எங்க தெருவுல பொங்குனா சோறு வேகாதா?" "வேகும் தாயே, வேகும். அடுப்புக் கல்லு?" "நான் டிராக்டர்ல லோடு அடிச்சுத் தாரேன்" என்றார் சுடலைக்கண்ணு, "ஆனா எலும்புக் கறி எனக்குத் தனியா வேணும்." "அவருக்கு ஜெபம் பண்ணிட்டுத்தான் போடணும்" என்று தார்ப்பாயிலிருந்து ஒரு குரல். மசாலா யார் அரைப்பது, மேலத்தெருக்காரிகள் அரைத்தால் காரம் தூக்கலாகப் போய்விடும், போன வருஷம் குழம்பில் உப்பைக் கொட்டியது யார், இசக்கியம்மாள் வந்தால் முதல் பந்தியா இரண்டாம் பந்தியா என்று ஆளுக்கு ஆள் பேசத் தொடங்கினார்கள். தை மாதத்துச் சோற்றுக்குப் புரட்டாசியிலேயே சண்டை. எப்சிபா நின்ற இடத்திலேயே நின்றாள். இனி எதற்குப் பயப்பட வேண்டும் என்று மனசு வழக்கம்போல் தேடிப் போனது, இண்டு இடுக்கெல்லாம் தேடியது, கையில் ஒன்றும் அகப்படாமல் திரும்பி வந்தது. அம்மா அவளைப் பார்த்து, மெதுவாக, ஒரு புருவத்தை மட்டும் உயர்த்தினாள். அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மைக் இன்னும் தன் கையில்தான் இருக்கிறது, யாரும் வாங்கவில்லை, அணைக்கவுமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவளுடைய சிரிப்பு வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி வழியாகப் பெரிதாகக் கிளம்பி, பள்ளிக்கூடத்தைத் தாண்டி, கோயில் கோபுரத்தைத் தாண்டி, கூட்டத்துக்கு வராமல் வீட்டில் படுத்திருந்தவர்களையெல்லாம் எழுப்பிவிட்டு, ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது.